கொள்ளைநோயும் கணக்கும் – ஓர் அறிமுகம்

தோற்றுவாய்

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்பர் பெரியோர். அவ்விரண்டில் எழுத்து என்னும் ஒரு கண்ணைக் கொண்டே இதுகாறும் உலகைப் பார்த்து வந்தவர் நாம். தமிழ்த்துறை மலரில் கணக்கைப் பற்றி நாம் எழுதப் புகுவது கணிதத்துறை நண்பர்களுக்கு நகைப்பை விளைவிக்கலாம். எனினும் இக்கட்டுரை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் எம் பெரியத்தா காலமானார். அவரைக் கொண்டது கொரோனா அன்று, முதுமை. எவர் வீட்டு ஜனாஸாவானாலும் முதல் ஆளாய்ச் சென்று தோள்கொடுத்தவர் அவர். அவருடைய ஜனாஸாவிலோ இருபது பேருக்கு மேல் கலந்துகொள்ளலாகாது என்பது அரசின் விதி. உறவினருள் இவர் வரலாம், இவர் வரவேண்டா என்று பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. இருபத்தோராவது ஆளாகத் தெருமுனையில் நிறுத்தப்பட்ட எம் தம்பி கண்ணீரோடு கேட்டான்: “இருபது பேர் வந்தா ஒட்டாதாம், இருபத்தோராவது ஆளு வந்தா ஒட்டிக்கிருமாம். நோய்க்கு எண்ணத் தெரியுமா அண்ணே?”

அன்று எம்மிடம் விடை இல்லை. விடை தேடி நூல்களைப் புரட்டியபோது, நோய்க்கு எண்ணத் தெரியாவிடினும் நோயை எண்ணத் தெரிந்த அறிஞர்கள் சிலர் நம் நாட்டு மண்ணிலேயே உழைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தோம். தொற்றுநோய் பரவும் முறையையும் அதனைத் தடுக்கும் முறையையும் கணித மாதிரிகளால் ஆராயும் கலையின் வேர்களுள் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அதனை மாணவர்க்கும் பெரியோர்க்கும் எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நச்சாவி என்ற நம்பிக்கை

கொள்ளைநோய் எம் ஊருக்குப் புதிதன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை ஆராயச் சென்னை அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவினரான எயின்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகியோரின் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக அச்சேறியது. திண்டுக்கல்லின் பெயர் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளது.

அக்காலத்தில் காய்ச்சலுக்குக் காரணமாக மருத்துவர்கள் கருதியவை பருவக்கோளாறும், ஈரநிலங்களிலிருந்து எழும் நச்சாவியுமே ஆகும். ஆவியை எண்ண முடியாது. எண்ண முடியாத ஒன்றைக் கணக்கில் கொண்டுவரவும் முடியாது. நோயைப் பரப்புவது இன்னது என்று கண்டறியப்பட்ட பின்னரே, அது எத்தனை என்னும் வினா பிறக்க வழி ஏற்பட்டது.

கொசுக் கணக்கு

அவ்வழியைத் திறந்தவர் ரொனால்டு ராஸ். இமயமலை அடுக்கிலுள்ள அல்மோராவில் 1857இல் பிறந்தவர். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தவர். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவும் பள்ளிப் பாடநூல்களில் உள்ள செய்திகளே. அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் கணிதத்தில் ஆழ்ந்ததைப் பலர் அறியார்.

கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று ராஸ் சொன்னபோது, உலகிலுள்ள கொசுக்கள் அனைத்தையும் யாரால் ஒழிக்க இயலும் என்று எதிர்வாதம் எழுந்தது. நியாயமான வினாவே. அதற்கு ராஸ் தந்த விடை, எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை என்பதாகும். அவர் சென்ற வழியில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் ஒரு மலேரியா நோயாளி இருக்கிறார். அவரைச் சுற்றி 48 கொசுக்கள் உள்ளன. அவற்றுள் நான்கில் ஒன்றே அவரைக் கடிக்கிறது எனக் கொள்வோம். ஆக 12 கொசுக்கள். உட்சென்ற கிருமி முதிர்வதற்குப் பல நாட்களாகும். அதுவரை உயிரோடிருப்பது மூன்றில் ஒன்று, ஆக நான்கு. அந்நான்கில் ஒன்று மட்டுமே மற்றொரு மனிதரைக் கடிக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. எனவே 48 கொசுக்கள் இருந்தால் ஒரு நோயாளி தமக்குப்பின் ஒரு நோயாளியை விட்டுச் செல்கிறார். நோய் நிலைத்து நிற்கிறது. கொசுக்கள் 96 ஆயின் ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவார். கொசுக்கள் 24 ஆகக் குறைந்தாலோ, இரு நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்கே நோயைத் தருவர். நோய்க்கு வாரிசு குறைகிறது. சில தலைமுறைகளில் அது தானே அற்றுப்போகிறது. கொசுக்கள் அப்போதும் ஊரில் இருக்கும், மலேரியா இராது.

நாம் எடுத்துக்கொண்ட எண்கள் விளக்கத்திற்கானவை. ஊருக்கு ஊர் அவை வேறுபடும். ஆனால் அடிப்படை மாறாது. நோய் வாழ்வதற்கு ஓர் எல்லை எண் உண்டு. அவ்வெல்லைக்கு மேலே அது பெருகும், கீழே அழியும். 1910இல் வெளிவந்த ராஸின் மலேரியாத் தடுப்பு நூல் இதனைச் சமன்பாடுகளால் நிறுவ முயன்றது. கொள்ளைநோய்க் கணிதத்தின் கருவூலம் இந்த எல்லை என்னும் கருத்தே எனலாம்.

கிணற்றைக் காட்டிய எண்கள்

1901இல் ராஸ் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றபோது அவருடன் ஓர் இளம் மருத்துவரும் சென்றார். எடின்பரோவில் பிறந்த ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக் என்பார் அவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கசௌலியிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்து, 1920இல் தாயகம் திரும்பியவர். அவர் 1926இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்தியச் சிற்றூர் ஒன்றின் காலராக் கணக்கு இடம்பெற்றுள்ளது. அது மாணவர்கள் ஊன்றி நோக்கத்தக்கது.

அச்சிற்றூரில் இருந்த வீடுகள் 223. அவற்றுள் 168 வீடுகளில் ஒருவருக்கும் காலரா இல்லை. 32 வீடுகளில் ஒவ்வொருவர். 16 வீடுகளில் இவ்விருவர். ஆறு வீடுகளில் மும்மூவர். ஒரு வீட்டில் நால்வர். ஆக நோயுற்றோர் 86 பேர். நம்மைப் போன்றோர் இப்பட்டியலைக் கண்டால் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லி நகர்ந்திருப்போம். மெக்கென்ட்ரிக் நகரவில்லை.

ஊர் முழுவதும் ஒரே நீரைக் குடித்திருந்தால், 86 பேர் 223 வீடுகளில் எங்ஙனம் பரவியிருப்பர்? நிகழ்தகவு விதிப்படி, ஒரே நோயாளி உள்ள வீடுகள் ஏறத்தாழ 58 இருக்க வேண்டும். இருந்தவை 32 மட்டுமே. இருவரும் அதற்கு மேற்பட்டோரும் நோயுற்ற வீடுகள் 13 அளவில் இருக்க வேண்டும், இருந்தவையோ 23. நோய் ஊரெங்கும் சமமாகத் தூவப்படாமல், சில வீடுகளில் குவிந்து கிடக்கிறது. ஆகவே ஊரிலுள்ள எல்லா வீடுகளும் நோயின் வாயில் இருந்தவை அல்ல என்று அவர் ஐயுற்றார்.

பின்னர், எத்தனை வீடுகளே நோய்க்கு ஆட்பட்டிருந்தால் இப்பட்டியல் இயல்பாகப் பொருந்தும் என்று திருப்பிக் கேட்டார். கணக்கு தந்த விடை 93. அந்த 93 வீடுகளை மட்டும் வைத்து விதியைப் பொருத்தினால், ஒருவர் நோயுற்ற வீடுகள் 34, இருவர் 16, மூவர் 5, நால்வர் 1 என்று வருகின்றன. உண்மை எண்களோ 32, 16, 6, 1. இத்துணைப் பொருத்தம் வியப்பிற்குரியது. எனவே அவ்வூரில் கிணறுகள் பல இருந்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மாசுபட்டிருக்க வேண்டும். 93 வீட்டார் அதன் நீரைக் குடித்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

இது தீர்ப்பு அன்று, ஊகமே. ஒரே வீட்டிற்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் தாவியிருந்தாலும் இத்தகைய குவியல் தோன்றக்கூடும். ஆனால் எந்தத் தெருவில், எந்தக் கிணற்றடியில் முதலில் தேட வேண்டும் என்பதை எண்கள் விரல்நீட்டிக் காட்டுகின்றன. நல்ல நீர்க்கிணறு எது, உப்புக்கிணறு எது என்று தெருத்தெருவாய்க் குடத்துடன் அலைந்த தலைமுறையினர் வாழும் எம் ஊரார்க்கு இக்கணக்கின் அருமை எளிதில் விளங்கும்.

மூன்று பிரிவினர்

எடின்பரோவில் மெக்கென்ட்ரிக்குக்கு ஒரு துணை வாய்த்தது. கெர்மாக் என்னும் இளம் வேதியியலார் அவர். 1924இல் ஆய்வுக்கூட விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். கண்ணிழந்த அவரும் மெக்கென்ட்ரிக்கும் சேர்ந்து 1927இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது.

அவர்கள் மக்களை மூன்று பிரிவினராக்கினர். நோய் தொற்றக்கூடியோர் ஒரு பிரிவு. நோயுற்றுப் பரப்புவோர் மற்றொரு பிரிவு. நலம்பெற்றோ இறந்தோ விலகிவிட்டோர் மூன்றாம் பிரிவு. முதற் பிரிவினரும் இரண்டாம் பிரிவினரும் சந்திக்கும்போது முதலிலிருந்து இரண்டிற்கு ஆட்கள் மாறுகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல இரண்டிலிருந்து மூன்றிற்கு மாறுகின்றனர். மாதிரி என்பது இவ்வளவே.

கொள்ளைநோய் ஏன் ஓய்கிறது? அனைவருக்கும் வந்து முடிந்தபின் ஓய்கிறது என்பர் சிலர். கிருமி வலுவிழப்பதால் ஓய்கிறது என்பர் வேறு சிலர். இரண்டும் இல்லாமலேயே நோய் ஓயக்கூடும் என்று அம்மாதிரி காட்டியது. தொற்றக்கூடியோர் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியவுடன், நோயுற்றவர் தம் நோயைக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிறது. ஊரில் நோய் காணாதோர் பலர் எஞ்சியிருக்கும்போதே நோய் தணியத் தொடங்குகிறது.

இக்கருத்தை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று பம்பாய் நகரின் பிளேக் மரணப் பட்டியல். 1905 டிசம்பர் முதல் 1906 சூலை வரை வாரந்தோறும் பதிவான இறப்புகள் மெல்ல ஏறி, உச்சி தொட்டு, இறங்கின. அவ்வளைவின்மேல் அவர்களது சமன்பாடு அழகாகப் பொருந்தியது. பிளேக்கைப் பரப்புவது எலியும் எலித்தெள்ளும் ஆதலால், மனிதரை மட்டும் எண்ணும் இம்மாதிரி மிக எளிமையானது என்று பிற்கால அறிஞர் குறை கூறியுள்ளனர். குறை உண்மையே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பம்பாயில் அழிந்த குடும்பங்களின் கண்ணீர்த் துளியாகும்.

வகுப்பறையில் நான்கு இடங்கள்

ஒரு நோயாளி, எதிர்ப்பாற்றல் எவர்க்கும் இல்லாத ஊரில், சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருவாரோ அதனைப் பரவல் எண் என்று அழைப்போம். தட்டம்மைக்கு அது 12 முதல் 18 வரை என்பர். நடுவாக 15 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைவரில் பதினால்வர்க்குத் தடுப்பாற்றல் இருந்தால், ஒருவர்க்கு மட்டுமே நோய் செல்லும். அதற்கும் மேலாக ஒருசிலர் பாதுகாப்புப் பெற்றுவிட்டால் நோய் தேயத் தொடங்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 93 பேர் காக்கப்பட வேண்டும் என்பது இதன் பொருள். தடுப்பூசி எல்லார் உடலிலும் பயன் தருவதில்லை ஆகையால் நடைமுறையில் 95 விழுக்காடு வேண்டும் என்பர்.

அறுபது மாணவர் கொண்ட வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐம்பத்தாறு பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தாக வேண்டும். எஞ்சும் இடங்கள் நான்கு. அந்நான்கு இடங்கள் யாருக்கு உரியவை? புற்றுநோய்க்கு மருந்துண்ணும் பிள்ளைக்கு. உடல்நிலையால் ஊசி போட இயலாத பிள்ளைக்கு. ஊசி போட்டும் பலிக்காத பிள்ளைக்கு. நல்ல உடல்நலமுள்ள ஒருவர் அச்சத்தாலோ சோம்பலாலோ அவ்விடத்தில் அமர்ந்தால், எளியவர் ஒருவரின் இருக்கையைப் பறித்தவராகிறார்.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் நடைபெற்றபோது கைப்பேசிகளில் வதந்திகள் பறந்தன. பெற்றோர் பலர் தயங்கினர். நம் தெருக்களிலும் தயங்கினோர் உண்டு. அவர்களைப் பழிப்பது எம் நோக்கமன்று. தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றிய அச்சம் இயல்பே. ஆனால் அவ்வச்சத்திற்கு மருந்து அதட்டல் அன்று. இக்கணக்கை அமர்ந்து விளக்குதலே ஆகும்.

நம் மார்க்கத்தில் ஃபர்ளு கிஃபாயா என்றொரு கடமை உண்டு. போதுமானவர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊரே குற்றத்திற்கு ஆளாகும். ஜனாஸாத் தொழுகை அத்தகையது. தடுப்பூசிக் கணக்கும் ஒருவகையில் அவ்வாறே ஊர்ப்பொதுக் கடமையைச் சுட்டுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே ‘போதுமானவர்’ என்னும் எண் மிக உயர்ந்தது. பிறர் பார்த்துக்கொள்வர் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

கட்டுப்பாட்டின் பிற வழிகள்

தடுப்பூசி இல்லாதபோது செய்யத்தக்கது சந்திப்பைக் குறைத்தல். கி.பி. 639 வாக்கில் சிரியாவில் கொள்ளைநோய் மூண்ட செய்தியைச் சர்ஃ என்னுமிடத்தில் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தோழர்களோடு கலந்தாய்ந்து, உடன்வந்தோரை அழைத்துக்கொண்டு மதீனாவுக்குத் திரும்பிய வரலாற்றைப் பெரியோர் அறிவர். சமன்பாடு பிறக்குமுன்னரே சந்திப்பைத் துண்டிக்கும் அறிவு பிறந்துவிட்டது.

நோயாளியைத் தேடிச் சென்று சுற்றிலும் வேலியிடுதல் மற்றொரு வழி. பெரியம்மை இவ்வாறு ஒழிந்தது. ஊசி போடாதோர் ஒரே இடத்தில் குவிந்து வாழும்போது, ஊர் சராசரி உயர்ந்திருந்தும் நோய் அக்குவியலில் வாழ்ந்தது. எனவே நோயாளியைக் கண்டவுடன் அவரைச் சூழ்ந்தோர்க்கெல்லாம் அம்மை குத்தினர். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிவுற்றது.

யானைக்கால் நோய் பற்றிய கணினி மாதிரி ஒன்று நம் அண்டைப் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, அந்நகரில் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1990களில் உருவாயிற்று. ஆண்டுக்கொருமுறை தரும் மாத்திரையை மக்களுள் எத்தனை பேர் உட்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே, எத்தனை ஆண்டுகள் தர வேண்டும் என்பது அமையும் என்று அது காட்டியது. வாங்கிய மாத்திரையை விழுங்காமல் அலமாரியில் வைப்பவர், ஊர் முழுவதற்கும் நோயின் ஆயுளை நீட்டுகிறார்.

கணக்கின் பிழை

கணித மாதிரி ஆரூடம் அன்று. 2020 அக்டோபரில் அரசு அமைத்த அறிஞர் குழு ஒன்று, கொரோனாவின் உச்சம் கடந்துவிட்டது என்றும், 2021 பிப்ரவரி இறுதியில் அது மிகவும் அடங்கிவிடும் என்றும் கணித்தது. ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் அலையை நாம் மறக்கவியலாது. புதிய உருக்கொண்ட கிருமி பழைய கணக்கில் இல்லை. மேலும், மனிதர் அச்சம் வந்தால் வீட்டுள் அடங்குவர்; அச்சம் தெளிந்தால் வெளியே திரள்வர். மாதிரி என்பது ‘இப்படி நடந்துகொண்டால் இப்படி ஆகும்’ என்று சொல்வது. அதிலுள்ள ‘ஆல்’ என்னும் நிபந்தனை விகுதியை விட்டுவிட்டுப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். 2020இல் நோய்க்குச் சமயப் பெயர் சூட்டிப் பேசியோரும் உளர். அச்சொற்கள் தந்த வடு எம் ஊர்த் தெருக்களில் இன்னும் ஆறவில்லை. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் மக்களைப் பிரித்த பிரிவுகள் மூன்றே. அவற்றுள் சாதிக்கோ சமயத்திற்கோ நான்காவது கட்டம் கிடையாது. மூடிய அறையில் நெருங்கியிருப்போர் எவராயினும், எதற்காகக் கூடினாராயினும், கணக்கு ஒன்றே.

நிறைவாக

எம் தம்பியின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். இருபது என்பது மந்திர எண் அன்று. இருபத்தோராவது ஆளிடம் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் இருபது பேர் கூடினால் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இணைகள் 190. எம் பெரியத்தாவின் ஜனாஸாவுக்கு வந்திருக்கக்கூடியவர் இருநூறு பேர் எனக் கொண்டால், அவ்விணைகள் 19,900. ஆட்களைப் பத்தில் ஒன்றாக்கினால் சந்திப்புகள் நூற்றில் ஒன்றாகின்றன. எங்கோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும். அக்கோட்டிற்கு வெளியே நின்ற தம்பி, தன் துயரத்தை விலையாகக் கொடுத்து, தனக்கு முகந்தெரியாத யாரோ ஒருவரைக் காத்திருக்கக்கூடும். யார் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. இதனை அவனிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், “அத இப்படி அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல அண்ணே” என்றான்.

அன்று சொல்லாததை இன்றேனும் சொல்வது கற்றோர் கடமை. மாணவர்கள் அதனைத் தம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்கலாம். குடிநீர்த் தட்டுப்பாட்டிற்குப் பழகிய திண்டுக்கல் மக்கள், குழாயில் தண்ணீர் வரும் நாளில் தொட்டியிலும் டிரம்மிலும் அண்டாவிலும் நிரப்பி வைப்பர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அத்தகைய நன்னீரில்தான். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தால் அத்தலைமுறை அற்றுப்போகும். உலகக் கொசுக்களையெல்லாம் ஒழிக்க வேண்டியதில்லை என்று ராஸ் காட்டினார். எல்லை எண்ணுக்குக் கீழே இறக்கினால் போதும். அதற்கு ஒரு தெருவார் ஒன்றுபட்டால் போதும்.